ஒன்பது வருசம் பிந்தின வெள்ளி

வெபர் மைதானத்தில ஓட்டப்போட்டி பாக்கிற நாங்க, ஊக்கமருந்து எண்டாலே பிடிபட்டவங்களப் பத்தித்தான் கதைக்கிறம். பக்கத்து லேன்ல ஓடினவங்கள மறந்துடுறம்.

2000 சிட்னி ஒலிம்பிக், 200 மீற்றர். 22.28 செக்கனில் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவது. 1948இல் டங்கன் வைற்றுக்குப் பிறகு இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம். (1998இல் அவர்மேலயும் நன்ட்ரோலோன் குற்றச்சாட்டு வந்தது, பிறகு விடுவிக்கப்பட்டார்.) முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஸ்டீரொயிட் பாவிச்சதை ஒத்துக்கொண்டது 2007இல்தான். சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது 2009 டிசம்பரில். மேடை, கொடி, கைதட்டல் எல்லாம் சிட்னியோட முடிஞ்சு போச்சு.

ஜோன்ஸ் சிக்கின அதே கலிஃபோர்னியா பால்கோ நிறுவன விவகாரத்திலதான் பேஸ்போல் வீரர் பெரி பொண்ட்ஸின் பெயரும் அடிபட்டது. தெரிஞ்சு பாவிக்கல்ல எண்டார். அவர்ர 762 ஹோம் ரன் இன்னும் சாதனைப் பட்டியலில இருக்கு. ஓட்டத்தில எண்டா மூன்றாவதை இரண்டாவதா மாத்தலாம். பொண்ட்ஸுக்குப் பந்து போட்டவங்களுக்கு எதைத் திருப்பிக் குடுக்கிற?