கொடியடுப்பும் இரண்டு மணி மின்சாரமும்

திருக்கழுக்குன்றம் மலைப்படிகளில் மாலை நேரத்தில் வெறுங்காலோடு இறங்கியவர்களுக்குத் தெரியும், வெயில் போன பிறகும் கல் சுடும். பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தைப் பாறை நிதானமாகத்தான் விடுகிறது. பாட்டி வீட்டு விறகடுப்பிலும் இதே சங்கதிதான். சோறு வேகும் அடுப்பை ஒட்டி ஒரு கொடியடுப்பு, அதன்மேல் எப்போதும் ஒரு தவலைத் தண்ணீர். பெரிய அடுப்பில் மிஞ்சிய அனல் அதற்குப் போகும். பிள்ளை பெற்றவள் குளிக்கவும் முதியவர் கால் கழுவவும் கேட்ட நேரத்தில் வெந்நீர் இருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். அதே எடைக் கருங்கல்லுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அந்தக் கணக்கெல்லாம் பாட்டிக்குத் தெரியாது. வாங்கிய சூட்டைத் தண்ணீர் எளிதில் விடாது என்பது தெரியும்.

இன்று இதற்கு வெப்பச் சேமிப்பு என்று பெயர். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் சூட்டையோ குளிரையோ உண்டாக்கி வைத்து, தட்டுப்பாடான நேரத்தில் எடுத்துக்கொள்வது. பிரிட்டனில் 1978இல் 'எகானமி 7' கட்டணம் வந்தது. இரவில் ஏழு மணி நேரம் மின்சாரம் மலிவு. ஹீட்டருக்குள் அடுக்கிய கற்கள் அப்போது சூடேறி, பகலில் அறையை வெதுவெதுப்பாக வைக்கும். நமக்குத் தேவை குளிர். 2000இல் திறக்கப்பட்ட சென்னை டைடல் பூங்காவில் இரவில் குளிரைச் சேர்த்துவைத்துப் பகலில் ஏசிக்குப் பயன்படுத்தும் ஏற்பாடு உண்டு. இரண்டு இடத்திலும் நேரத்தை மாற்றிக்கொண்டது கல்லும் தண்ணீரும்தான். யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர்க் கதை வேறு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. 2012இல் மின்வெட்டு உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் மற்ற மாவட்டங்களுக்கு அதைவிடப் பல மடங்கு. 1984லும் 1986லும் உற்பத்தி தொடங்கிய கல்பாக்கத்து அணு உலைகள் எங்களிடமிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரம். பக்கத்தில் இருப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த மின்சாரம் தொகுப்புக்குப் போகிறது.

கிரைண்டருக்குச் சேமிப்பு கிடையாது. மின்சாரம் இருந்தால் ஓடும். மாவுக்கும் ஒரு கடிகாரம் உண்டு: நேரம் தப்பி அரைத்தால் காலையில் புளித்திருக்காது, இட்லி கல்லாகும். அம்மா அலாரம் வைத்து இரவு இரண்டு மணிக்கு எழுந்து அரிசியைப் போடுவார். மாவை வழித்துவிட்டு அப்படியே மோட்டாரையும் போட்டுத் தொட்டி நிரப்புவார். தெருவில் அந்நேரம் பல வீட்டில் விளக்கு எரியும். மின்தேவை நெகிழ்ந்தது, உண்மைதான். நெகிழ்ந்தது அவர்களுடைய உறக்கம். மின்வெட்டின் வரலாற்றை மெகாவாட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த மணிக்கணக்கை யாரும் குறிக்கவில்லை.

இப்போது மீண்டும் நேரக் கணக்கு வருகிறது. ஒன்றிய அரசின் 2023 ஜூன் விதித் திருத்தம், விவசாயம் தவிர்த்த நுகர்வோருக்கு 2025 ஏப்ரலுக்குள் நேரவாரிக் கட்டணம் என்றது, அதற்கு ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். வெயில் நேரத்தில் கட்டணம் குறையும், உச்ச நேரத்தில் கூடும். காலையும் மாலையும் உச்சமென்றால் அது சமையல் நேரம், குளியல் நேரம். மலிவான பகலில் பெண்கள் நூறுநாள் வேலையிலோ கம்பெனி ஷிஃப்டிலோ இருப்பார்கள்.

சூட்டைப் பிடித்துவைக்கும் தொட்டி இருந்தால் நிலைமை மாறும். ஆனால் வாடகை வீடுகளில் மாட்டுவது மூன்று கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர். விலை குறைவு, இடமும் அடைக்காது. அது எதையும் சேமிக்காது, குழாயைத் திறந்த அந்த நிமிடத்தில்தான் மின்சாரத்தை இழுக்கும். பெரிய தொட்டி வாங்கவும் அதை மாட்டச் சுவரில் ஓட்டை போடவும் வீடு சொந்தமாக இருக்க வேண்டும். ஆக, கூடுதல் கட்டணம் குடியிருப்பவர் தலையில். இதைக் கட்டண விசாரணைகளில் கேட்க வேண்டியவர்கள் பெண்கள். அங்கே பெரும்பாலும் ஆலை முதலாளிகளின் குரல்தான் கேட்கிறது.

டைமர் வைத்த வெந்நீர்த் தொட்டியைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன்.

"நான் வீட்ல இல்லாட்டியும் தானா சுட்டுக்குமா?" என்றார் முதலில். விலையை அப்புறம்தான் கேட்டார்.