கிலோவுக்கு எத்தனை யூனிட்?

அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் ஒழுங்காக நடக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய், போன மாதம் ஒரு கிலோ தூளுக்கு எத்தனை யூனிட் கரண்ட் போனது என்று கேட்டால், டீ மேக்கர் பதிவேட்டைப் புரட்டி எண்ணைச் சொல்லிவிடுவார். கூடியிருந்தால் ஏன் கூடியது என்பதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார். இதே ஊவா மாகாணத்தில், பதுளையிலோ மொனராகலையிலோ ஓர் அரச அலுவலகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கேட்டவரை மின்சார சபை ஆள் என்று நினைப்பார்கள். கணக்குக் கிளையில் பில் இருக்கும். அதுவும் கட்டி முடித்துக் கோப்பில் போட்ட பில்.

தொழிற்சாலைக்காரர்கள் சிக்கனக்காரர்கள், அலுவலகக்காரர்கள் ஊதாரிகள் என்பதல்ல விஷயம். மாலையில் வீட்டுக்குப் போனால் இருவரும் ஒரே மாதிரித்தான் லைட்டை அணைக்கிறார்கள். வேலை அமைந்திருக்கும் விதத்தில்தான் வித்தியாசம் இருக்கிறது.

நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. மிச்சமெல்லாம் தண்ணீர். அதில் ஒரு பகுதியை வாட்டும்போதே வெளியேற்ற வேண்டும். நீண்ட தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய ஃபேன் இரவு முழுக்கக் காற்றை ஊதுகிறது. தொழிற்சாலையின் மின்சாரத்தில் பெரும் பங்கு இங்கேதான் போகிறது. வாடியது போதுமா என்று பார்க்க டீ மேக்கர் ஒரு பிடி கொழுந்தை அள்ளி உருண்டையாக அழுத்திக் கையை விரிப்பார். உருண்டை அப்படியே நின்றால் சரி. உதிர்ந்து விரிந்தால் இன்னும் காற்று வேண்டும். யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாப் பக்கம் வீசும் வறண்ட காற்று இந்த வேலையில் பாதியை இலவசமாகச் செய்து கொடுக்கிறது. அந்த நாட்களில் ஃபேனை முழு வேகத்தில் விட்டால் கொழுந்தும் கெடும், காசும் போகும். ஃபேனின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியை மோட்டாரில் பொருத்திய தொழிற்சாலைகள் இந்தக் கணக்கை நம்பித்தான் அந்தச் செலவைச் செய்தன.

எண்ணிச் செலவழிக்கும் இந்தப் பழக்கம் பழையது. லக்ஷபான மின்சாரம் 1950இல் வருவதற்கு முன்பே மலையகத் தோட்டங்கள் பல, ஓடையை மறித்து டர்பைன் ஓட்டித் தொழிற்சாலையை நடத்தின. ஓடையில் எவ்வளவு தண்ணீரோ அவ்வளவுதான் பலம். கொழுந்தை உருட்டும் இரண்டு ரோலரைச் சேர்த்துப் போட்டால் மூன்றாவது நிற்கும். (அதே தோட்டத்து லயங்கள் அப்போது மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தன என்பதை எந்தப் பதிவேடும் எழுதவில்லை.)

அலுவலகத்தில் கிலோ கிடையாது. ஒரு நாளில் எத்தனை கடிதம் போனது, எத்தனை பேர் பிறப்புச் சான்றிதழ் வாங்கினார்கள் என்று எண்ணலாம். யூனிட்டை அதனால் வகுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது, தோன்றினாலும் பயனில்லை. பெரும்பாலான நாடுகள் தரைப் பரப்பைப் பிடித்துக்கொண்டது இதனால்தான். இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகம் 2009இல் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியபோது, ஆண்டுக்கு ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை யூனிட் என்பதையே அளவுகோலாக எடுத்தது. சென்னை போன்ற வெக்கையும் ஈரப்பதமும் கூடிய ஊர்களுக்குத் தனி வரம்பு வைத்தது. இரவு பகலாக இயங்கும் கால் சென்டர்களுக்கு மணிக்கணக்கையும் சேர்த்து வேறு அளவு வைத்தது. ஆஸ்திரேலியாவின் நாபர்ஸ் முறை வேலை நேரம், கணினிகளின் எண்ணிக்கை, ஊரின் தட்பவெப்பம் எல்லாவற்றையும் கழித்துத்தான் மதிப்பெண் போடுகிறது.

தட்பவெப்பத்தை ஏன் கழிக்க வேண்டும் என்பதற்கு ஊவாவை விட நல்ல உதாரணம் கிடையாது. பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. மொனராகலை நகரம் சுமார் 150 மீற்றரில். உயர வித்தியாசத்தால் மட்டுமே ஆறேழு பாகை வெப்பம் மாறும். பண்டாரவளை அலுவலகத்தில் ஃபேன் ஓடாமல் ஆண்டு கழிந்துவிடும். மொனராகலையில் ஓகஸ்ட் மாத நண்பகலில், தகரமோ அஸ்பெஸ்டோஸோ போட்ட கூரையின் கீழே ஃபேனை நிறுத்தச் சொல்வது அக்கிரமம். சதுர மீற்றர் கணக்கில் பண்டாரவளைக்குப் பாராட்டுக் கடிதமும் மொனராகலைக்கு விளக்கக் கோரிக்கையும் போகும். மாகாண சபை அப்படியொரு பட்டியல் போட்டால் மலை உச்சிக்குத்தான் பரிசு.

ஆகவே அலுவலகம் தன்னோடு தன்னை ஒப்பிடுவதே நியாயம்: இந்த ஓகஸ்ட்டைப் போன ஓகஸ்ட்டோடு. அதை விடவும் உடனே பலன் தருவது இரவுக் கணக்கு. அரச அலுவலகம் காலை 8.30க்குத் திறந்து மாலை 4.15க்கு மூடுகிறது. வாரத்தின் 168 மணி நேரத்தில் ஆள் இருப்பது 39 மணி நேரம்கூட இல்லை. மீதி நேரம் கட்டடம் தனியாக இருக்கிறது. ஆனால் மின்மானி நிற்பதில்லை. தண்ணீர் குளிராக்கும் பெட்டி, யூபிஎஸ், ஸ்டாண்ட்பையில் கிடக்கும் போட்டோகொப்பி இயந்திரம், நடைபாதை விளக்கு, யாரோ ஒருவர் அணைக்க மறந்த ஏசி. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவாட் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,760 யூனிட். இதில் ஆள் இருக்கும் நேரத்தில் போவது, விடுமுறைகளைக் கழித்தால், 1,900 யூனிட்டுக்கும் குறைவு. மற்றதெல்லாம் மேசை நாற்காலிகளுக்கு. மேசைக்கு மேலே சுழலும் 75 வாட் ஃபேனை எடுத்துவிட்டு 30 வாட் ஃபேன் போடுவது நல்லதுதான், ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 84 யூனிட்தான் மிச்சம். ஏசியை ஒரு பாகை கூட்டி வைத்தால் ஆறு சதவீதம் குறையும் என்று இந்தியப் பணியகம் சொல்கிறது. லூவர் கண்ணாடி ஜன்னல் வைத்த பழைய அறையில் ஏசி பூட்டினால் அந்த ஆறு சதவீதம் இடுக்கு வழியாகவே போய்விடும்.

விலை ஏறினால் எல்லாரும் சிக்கனம் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை 2022க்குப் பிறகு எனக்கு இல்லை. அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. ஓகஸ்ட்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். தொழிற்சாலையில் அது நேரே உற்பத்திச் செலவில் விழுந்தது. கொழும்பு ஏலத்தில் விலையைத் தொழிற்சாலை நிர்ணயிக்க முடியாது, ஆகவே உள்ளே குறைத்தே ஆக வேண்டும். மாலை 6.30 முதல் 10.30 வரை கைத்தொழிலுக்கான கட்டணம் உச்சம். அந்த நான்கு மணி நேரத்தில் எதை ஓட்டலாம், எதைத் தள்ளிப் போடலாம் என்று யோசிக்க ஆளிருந்தது. அலுவலகத்தில் சுவிட்சைப் போடுபவர் ஒருவர், பில்லைப் பார்ப்பவர் இன்னொருவர், பணம் வருவது திறைசேரியிலிருந்து. கட்டணம் ஏறிய செய்தி சுவிட்சுக்கு வந்து சேரவே இல்லை.

தொழிற்சாலையின் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். வரட்சியில் கொழுந்து குறைந்தால் கிலோவுக்கான யூனிட் தானாக ஏறும். மழை பெய்யாததற்கு டீ மேக்கர் பேச்சு வாங்குவார். எண்ணைக் குறைக்க வாட்டலைக் குறைத்தால் தேயிலையின் தரம் போய் ஏலத்தில் அடி விழும். தேயிலை தின்னும் வலுவில் பெரும்பகுதி மின்சாரமே அல்ல, ட்ரையர் அடுப்பில் எரியும் விறகு. யூனிட் கணக்கில் அது வராது. இத்தனை ஓட்டை இருந்தும் அந்த எண் உதவுகிறது. அது மாறினால் ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லாமலும் இல்லை. இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையை உருவாக்கிய 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில் வலு முகாமையாளருக்கும் வலுக் கணக்காய்வாளருக்கும் இடமுண்டு. ஆனால் மொனராகலை மாதிரி ஊரில் ஒரு சிறிய அலுவலகத்துக்குத் தனி முகாமையாளர் வருவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மாலை மூடும்போதும் காலை திறக்கும்போதும் இரண்டு நேரமும் அங்கே இருக்கும் ஒரே ஆள் இரவுக் காவலாளி. அவர் கையில் ஏற்கெனவே ஒரு பதிவுப் புத்தகம் இருக்கிறது: வாகனம் வந்தது, கேற் பூட்டியது. அதில் மின்மானியின் எண்ணையும் இரண்டு தரம் எழுதச் சொன்னால் போதும். இரண்டு வாரத்தில் அந்தக் கட்டடத்தின் இரவுச் செலவு தெரிந்துவிடும். வெள்ளி மாலைக்கும் திங்கள் காலைக்கும் இடையிலான எண் இன்னும் தெளிவாகச் சொல்லும்.

அந்த இரவு யூனிட்டும் எங்கிருந்தோ வர வேண்டும். உமா ஓயாத் திட்டத்தில் வெலிமடைப் பக்கத்துத் தண்ணீரைச் சுரங்கம் வழியாக இறக்கி, மொனராகலை மாவட்டத்தின் வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனியவில் 120 மெகாவாட் எடுக்கிறார்கள். 2024 ஏப்ரலில் திறந்தார்கள். அந்தச் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைக் கிணறுகள் வற்றின, வீடுகளின் சுவர் வெடித்தது. ஒரு யூனிட்டுக்கு என்ன விலை என்று கணக்குக் கிளை பில்லைப் பார்த்துச் சொல்வதில் அந்தக் கிணறுகள் சேரவில்லை. ஆகவே வீணாகும் யூனிட்டையாவது எண்ண வேண்டும். காவலாளியின் புத்தகத்தில் வரும் எண்ணை மாதாந்தக் கூட்டத்தில் வாசிக்க யாரை நியமிப்பது என்பதுதான் மாவட்டச் செயலாளர் தீர்மானிக்க வேண்டியது. அதற்குப் புதிய ஒதுக்கீடு எதுவும் வேண்டாம்.