பூட்டு இருந்தது, கதவுதான் திறந்திருந்தது

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போனதும் காபிக்கு முன்னால் வந்தது கம்ப்யூட்டர் பஞ்சாயத்து. "பாஸ்வேர்ட் போட்டுத்தான் வெச்சிருக்கேன். காலையில ஆன் பண்ணும்போது கேட்குது. நடுவுல எழுந்து போயிட்டு வந்தா கேட்கவே மாட்டேங்குது" என்றாள்.

விஷயம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் அக்கா தெருவுக்குள் ஒரு சின்ன ஏலச்சீட்டு நடத்துகிறாள். யார் எத்தனை தவணை பாக்கி என்ற கணக்கு எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில். அவள் அடுப்படிக்குப் போன நேரத்தில், கேம் ஆட வந்த பக்கத்து வீட்டுப் பையன் மவுஸை அசைத்திருக்கிறான். பட்டியல் அப்படியே திறந்து கிடந்தது. வீட்டுக்குப் போய், "அம்மா, நீ மூணு மாசமா கட்டலையாமே" என்று மாமியார் எதிரிலேயே கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு அந்த அம்மா அக்காவிடம் பேசுவதில்லை.

உட்கார்ந்து பார்த்தேன். கோளாறு எதுவும் இல்லை. கணக்குக்குக் கடவுச்சொல் இருந்தது. ஆனால் ஸ்கிரீன் சேவரிலிருந்து திரும்பும்போது கடவுச்சொல் கேட்கும் கட்டத்தில் டிக் இல்லை. தூக்க நிலையிலிருந்து விழிக்கும்போது கேட்பது இன்னொரு இடத்தில் இருக்கும் தனி அமைப்பு. அதுவும் அணைந்திருந்தது. பத்து நிமிட வேலை. முடித்ததும் அக்கா கேட்டாள்: "பாஸ்வேர்ட்னு போட்டா எல்லாத்துக்கும் கேட்க வேண்டாமா? எவன்டா இப்படித் தனித்தனியா வெச்சான்?"

நியாயமான கேள்வி. ஊருக்குத் திரும்பி பழைய குறிப்புகளைப் புரட்டினேன். யாரும் திட்டமிட்டு இப்படி வைக்கவில்லை என்பதுதான் பதில். கடவுச்சொல்லும் திரைப்பூட்டும் வேறு வேறு தேவைக்காகப் பிறந்தவை. பிற்பாடுதான் ஒட்டவைத்தார்கள்.

முதலில் கடவுச்சொல். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் உருவாக்கிய சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு 1961 இறுதியில் இயக்கிக் காட்டப்பட்டது. ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தலாம். ஆகவே ஒருவர் கோப்பில் இன்னொருவர் கை வைக்காமல் இருக்க ஆளுக்கொரு கடவுச்சொல். அதாவது, பொதுக் கணினியில் பங்கு பிரிக்க வந்த ஏற்பாடு. அதுவும் நீண்ட நாள் தாங்கவில்லை. வாரத்துக்கு 4 மணி நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், 1962-இல் கடவுச்சொல் கோப்பையே அச்சடிக்கச் சொல்லி ஒரு துளை அட்டையைப் போட்டு எடுத்துவிட்டார். 1966-இல் இன்னொரு கூத்து. அன்றைய அறிவிப்புக் கோப்பும் கடவுச்சொல் கோப்பும் ஒரே நேரத்தில் திருத்தப்பட்டு இடம் மாறிப்போயின. உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதில் எல்லோருடைய கடவுச்சொல்லும் வந்தது!

மனிதர்கள் பக்கமும் தவறு உண்டு. யுனிக்ஸ் அமைப்பை வைத்து ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831 எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை. அதில் 15 பேர் வைத்திருந்தது ஒரே ஒரு எழுத்து.

இனி திரை. பழைய குழாய்த் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் பாஸ்பர் பூச்சில் தழும்பு விழும். அதைத் தடுக்க ஜான் சோச்சா 1983-இல் ஒரு சின்ன நிரலை எழுதினார். கொஞ்ச நேரம் விசையைத் தொடாவிட்டால் திரை கறுத்துப்போகும். ஸ்கிரீன் சேவரின் ஆரம்பம் இதுதான். காப்பாற்றியது கண்ணாடியை, ரகசியத்தை அல்ல.

வீட்டுக் கணினிக்கு ஒரே சொந்தக்காரர் என்ற நினைப்பில்தான் ஆரம்பகால பி.சி.கள் வந்தன. கடவுச்சொல்லே கிடையாது. 1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி.யில் நிஜச் சாவி ஒன்று இருந்தது. திருகினால் விசைப்பலகை வேலை செய்யாது. அப்புறம் விண்டோஸ் 3.1-இல் ஸ்கிரீன் சேவருக்கு மேல் கடவுச்சொல்லை ஒட்டினார்கள். மெஷினை அணைத்துப் போட்டால் பூட்டு காணாமல் போகும். விண்டோஸ் 95 காலத்தில் நானே பார்த்தது: பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி வரும், எஸ்கேப் விசையைத் தட்டினால் உள்ளே போய்விடலாம். காரணம், அது கேட்டது நெட்வொர்க்குக்கும் அவரவர் அமைப்புகளுக்கும்தான். மெஷினுக்குக் காவல் என்று அதை யாரும் வைக்கவில்லை.

அலுவலகங்களுக்கென்று 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி.யில் நிலைமை வேறு. கணக்கு, அனுமதி, பூட்டு எல்லாம் அடித்தளத்திலேயே இருந்தன. 2001-இல் எக்ஸ்பி வழியாக அந்த அடித்தளம் வீட்டுக்கும் வந்தது. ஆனால் வீட்டுக்காரர் தொந்தரவுபடக் கூடாதென்று பல கேள்விகளை விருப்பத்துக்கு விட்டார்கள். அக்கா வீட்டில் அணைந்து கிடந்த டிக் அந்த வழக்கத்தின் மிச்சம்.

லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே பல காலம் பூட்டு என்பது திரைக்கு மேல் விரித்த போர்வை மாதிரி ஒரு சாதாரண நிரல்தான். அது செத்தால் அடியில் இருப்பது தெரியும். 2012-இல் எக்ஸ் சர்வரில், மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பூட்டே விழுந்துவிடும் ஓட்டை வெளிப்பட்டது. 2021-இல் லினக்ஸ் மின்ட் பூட்டை உடைத்தது குழந்தைகள். அப்பாவின் கணினியில் கண்டபடி விசைகளைத் தட்டினார்கள், திறந்துகொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பூட்டெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குத்தான். வட்டைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால், குறியாக்கம் செய்யாதவரை உள்ளதெல்லாம் படிக்கலாம்.

அக்காவுக்கு நான் செய்துகொடுத்தது இவ்வளவுதான். இரண்டு டிக்கையும் போட்டேன். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு எல் தட்டச் சொன்னேன். கேம் ஆட வரும் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு. வட்டுக் குறியாக்கத்தை இயக்கி, மீட்பு எண்ணைச் சீட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி பீரோவில் வைக்கச் சொன்னேன். அந்த எண் தொலைந்தால் கணக்கு அக்காவுக்கே கிடைக்காமல் போகலாம் என்பதையும் இரண்டு முறை சொன்னேன்.

பக்கத்து வீட்டம்மா பாக்கியை மொத்தமாகக் கட்டிவிட்டு சீட்டிலிருந்து விலகிவிட்டாராம். நேற்று போனில் அக்கா சொன்னாள். "இப்ப கேட்குதுடா பாஸ்வேர்ட்" என்றாள், கூடவே. குரலில் சந்தோஷம் இல்லை.