கடலில் போன கையெழுத்துப் படி



நம் ஆசிரியர் மறைந்த பிறகு, அவர் வீட்டுப் பரணில் கிடந்த இரும்புப் பெட்டியைக் குடும்பத்தார் மன்றத்துக்குக் கொடுத்தார்கள். திறந்து பார்த்தோம். பத்திரமோ நகையோ இல்லை; பெட்டி நிறைய நோட்டுப் புத்தகங்கள். படித்த நூல்களிலிருந்து எடுத்த குறிப்புகள். ஒவ்வொரு குறிப்புக்கும் நூலின் பெயர், எந்த நூலகத்தில் படித்தது, பக்க எண் எல்லாம் இருந்தன. அவர் விலைக்கு வாங்கிய நூல்கள் ஓர் அலமாரிகூட நிறையாது. வாங்க முடியாதவர்தான் எழுதி வைத்துக்கொள்வார்.

அண்ணல் அம்பேத்கர் பெற்ற பட்டங்களை நம் மேடைகளில் வரிசையாகச் சொல்கிறோம். சுவரொட்டியில் அவர் பெயருக்குப் பின்னால் ஒரு முழு வரி ஓடுகிறது. அந்தப் பட்டங்களுக்காக அவர் எங்கே உட்கார்ந்து, எப்படிப் படித்தார் என்று பேசியிருக்கிறோமா? இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

உட்காரும் இடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. சதாராவில் பள்ளிக்குப் போன பையன் வீட்டிலிருந்து ஒரு கோணியைச் சுமந்துகொண்டு போனான். வகுப்பில் அதன்மேல் தனியே உட்கார வேண்டும். பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் ஆசிரியர் அவனைக் கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைத்தபோது, சாதி இந்து மாணவர்கள் பாய்ந்து போய்ப் பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுத்தார்கள். அதன் பிறகே அவன் சுண்ணக்கட்டியைத் தொட முடிந்தது. வடமொழி படிக்க விரும்பியவனுக்கு அது மறுக்கப்பட்டதால் பாரசீகம் எடுத்தான். வீடு என்பது பரேலில் ஒரே அறை. அப்பா ராம்ஜி பின்னிரவு இரண்டு மணிக்கு அவனை எழுப்பிப் படிக்க வைப்பார். அந்தக் குடியிருப்பில் அமைதி கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான். பகலில் சர்னி ரோடு பூங்காவில் போய்ப் படித்தான். அங்கே அவனைக் கவனித்த கேளுஸ்கர் என்ற ஆசிரியர், 1907இல் அவன் மெட்ரிக் தேறியபோது தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவுக்கு வருகிறார். கோயம்புத்தூரில் அவர் படித்த கலாசாலையில் ஏறக்குறைய நானூறு மாணவர்கள். பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் யாரோடும் பழகவில்லை. மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படிப்பார். மணி அடித்ததும் உள்ளே போவார். வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு விரைவார். 1939இல் வெளிவந்த தன் வரலாற்றில் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். வகுப்புத் தோழனிடம் நோட்டு வாங்கிப் பார்த்து எழுத முடியாத மாணவர் அவர். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் மக்களுக்காகப் போய் உட்கார்ந்தவர்கள் இந்தப் பூங்காவில் படித்தவரும், அந்தப் பள்ளி வாசலில் படித்தவரும்தான்.

1913 ஜூலையில் அம்பேத்கர் நியூயார்க் சேர்ந்தார். பரோடா அரசின் உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுன், மூன்றாண்டுகளுக்கு. திரும்பி வந்து பத்தாண்டுகள் பரோடாவில் வேலை செய்வதாக ஒப்பந்தம். பணத்துக்கும் நாளுக்கும் கணக்கு இருந்த அந்தக் காலத்தில் கொலம்பியாவில் அவர் எடுத்த பாடங்களைப் பாருங்கள். பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3. இவ்வளவு எதற்கு என்று அன்று யாராவது கேட்டிருக்கலாம். பொருளாதாரம் படிக்கப் போனவர் 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானுடவியல் வகுப்பில் இந்தியச் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. தன் பாடத்துக்கு வெளியே போய்ப் படித்ததுதான் நமக்குப் பின்னாளில் ஆயுதமானது.

அங்கே அவருக்குக் கற்பித்தவர்களில் ஜான் டூயி ஒருவர். டூயியின் 'ஜனநாயகமும் கல்வியும்' நூலில் அம்பேத்கர் வைத்திருந்த படி பம்பாய் சித்தார்த்தா கல்லூரியில் பாதுகாக்கப்படுகிறது. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடுகள். அந்த நூலில் படித்த சிந்தனைகள் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் நம் நாட்டுச் சிக்கலுக்குப் பொருத்தி வைக்கப்பட்டு வெளிவருகின்றன. ஆசிரியருக்குத் தான் பட்ட கடனையும் அங்கேயே சொல்லிவிடுகிறார். இடையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள். தேர்வுக்காகப் போட்ட கோடு தேர்வோடு அழிந்துவிடும்; இந்தக் கோடுகள் அப்படிப்பட்டவை அல்ல.

நம் கூட்டங்களில் அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றை இனிச் சொல்ல வேண்டும்.

நியூயார்க்கிலிருந்து லண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தவரை, உதவித்தொகைக் காலம் முடிந்தது என்று 1917இல் பரோடா திரும்ப அழைத்துக்கொண்டது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவர் ஒரு கப்பலில் வந்தார். மூட்டை முடிச்சுகள் வேறொரு கப்பலில் வந்தன. சாமான் வந்த கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. நூல்கள் போயின. ஆய்வேட்டின் கையெழுத்துப் படியும் போயிற்று. ஒருவர் கையால் எழுதியதற்கு மறுபடி ஏது அந்தக் காலத்தில்?

கடலில் போனது போக, கரையில் காத்திருந்தது பரோடா. அலுவலகத்தில் கோப்புகளை அவர் மேசைமேல் தூரத்திலிருந்து எறிந்தார்கள். தங்க இடமில்லாமல் ஒரு பார்சி விடுதியின் மாடியில், தட்டுமுட்டுச் சாமான்கள் குவிந்த கூடத்தில், வௌவால்களுக்கு நடுவே சிறு விளக்கை வைத்துக்கொண்டு படித்தார். அங்கே தனக்குத் துணை புத்தகம்தான் என்பதை 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். பதினோராம் நாள் காலை தடிகளோடு வந்த பார்சிகள் அவரை வெளியேறச் சொன்னார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் புறப்பட்டார். மறுபடியும் பூங்கா!

பம்பாய் சிடனம் கல்லூரியில் கற்பித்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியோடும், நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடனோடும் 1920இல் மீண்டும் லண்டன் போனார். காலையில் ஒரு துண்டு ரொட்டியும் தேநீரும். பிறகு மாலைவரை பிரிட்டிஷ் மியூசியம் நூலகம். மார்க்ஸ் உட்கார்ந்து படித்த அதே வாசிப்புக் கூடம். இரவில் அறைக்கு வந்து, சுட்ட அப்பளத்தைத் தின்றுவிட்டு மீண்டும் படிப்பு. படுக்கச் சொன்ன அறைத் தோழரிடம், தன்னிடம் பணமும் இல்லை, நேரமும் இல்லை என்பாராம்.

1922இல் கொலம்பியா பேராசிரியர் செலிக்மனுக்கு எழுதிய கடிதத்தில், கப்பல் மூழ்கியதில் ஆய்வேடு தொலைந்துவிட்டது, புதிதாக ஒன்றை எழுதியிருக்கிறேன் என்று தெரிவிக்கிறார். அவ்வளவுதான், புலம்பல் இல்லை. எனக்கு அந்தக் கடிதம் அவர் வாங்கிய எந்தப் பட்டச் சான்றிதழையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. 1921இல் எம்.எஸ்சி., 1923இல் 'ரூபாயின் சிக்கல்' ஆய்வுக்கு டி.எஸ்சி. அதையும் தேர்வாளர்கள் முதலில் ஏற்கவில்லை; திருத்தி எழுதித்தான் கொடுத்தார். கொலம்பியாவின் முனைவர் பட்டம் முறைப்படி கைக்கு வந்தது 1927இல்.

நான் படித்த காலத்தில் எங்கள் கல்லூரி வகுப்பில் சிலருக்கு அண்ணன், அக்கா, மாமா வழியாக வந்த நோட்டுகள் இருந்தன. கேட்டால், வீட்டில் இருக்கிறது என்பார்கள். அந்த வீட்டுக்கு நாங்கள் போக முடியாது. எங்கள் நல விடுதியிலோ, முதல் தலைமுறையாக வந்தவர்கள் இருபது பேர் ஒரு நோட்டைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஒருவன் உரக்க வாசிப்பான், மற்றவர்கள் எழுதுவோம். பரம்பரைச் சொத்து என்றால் எல்லோரும் நிலத்தை மட்டுமே சொல்கிறார்கள். நோட்டும் பரம்பரைச் சொத்துதான். தகுதி பற்றி வாய் கிழியப் பேசுகிறவர்கள் இந்தச் சொத்தைக் கணக்கில் காட்டுவதே இல்லை.

அம்பேத்கர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 1935இல் முதல்வரும் ஆனார். சாட்சியச் சட்டம், சொத்து மாற்றச் சட்டம், அறக்கட்டளைச் சட்டம், காலவரையறைச் சட்டம் ஆகியவை பற்றி அவர் எழுதிய பாடக் குறிப்புகள் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட நூல்வரிசையின் 12ஆம் தொகுதியில் அச்சாகியுள்ளன. மேற்கோள் காட்ட ஒன்றும் தேறாது என்று பலரும் புரட்டிவிட்டுப் போகும் பக்கங்கள் அவை. விளக்கமும் உட்பிரிவுமாக, மாணவன் பின்தொடரும்படி எழுதப்பட்டவை. வௌவால் கூடத்தில் தனியே படித்தவர் வகுப்பறைக்குத் தயாரித்த நோட்டு.

நம் ஆசிரியரின் பெட்டி இப்போது மன்றத்தின் வாசிப்பறையில் இருக்கிறது. பூட்டில்லை. பிரதி எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரலாம்.