திருச்சாரணத்து மலையில் அரசும் அடியாரும்

வடசேரியிலிருந்து நாகராசர் கோயிலுக்கு நடந்தே சென்றுவிடலாம். அதன் தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் இன்றும் காட்சி தருகின்றனர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அக்கோயிற் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் இரு சமணப் பெரியோரின் பெயர்கள் வருகின்றன. நாஞ்சில் நாட்டில் நம் சமயம் அத்துணைக் காலம் நிலைத்திருந்தது என்பதை நம்மவருள்ளேயே பலர் அறியார்.

அரசர் ஆதரித்தனர், சமணம் தழைத்தது. ஆதரவு நீங்கிற்று, தேய்ந்தது என்று ஒரு வரியில் வரலாற்றை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இத்தென்கோடிக் கல்வெட்டுகள் அவ்வாறு கூறவில்லை.

நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே, மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலையே பழைய திருச்சாரணத்து மலை. அங்குள்ள 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. மன்னன் பெயர் ஆண்டுக் கணக்குக்காக நிற்கிறது. பொன் அணிகலன் ஈந்தவரோ குணந்தாங்கிக் குரத்திகள். அரிட்டநேமி படாரரின் மாணாக்கியார். உடைமை துறந்த ஒரு பெண் துறவியின் வழியே அப்பொன் வந்ததெனில், அவரை நம்பிக் கொடுத்த இல்லறத்தார் பலர் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பாறையில் வரிசையாக அமைந்த தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழும் செய்வித்தோர் பெயர்களே உள்ளன. அச்சணந்தி அவர்களுள் ஒருவர்.

கழுகுமலையிலும் இதே நிலைதான். தச்சரும் கொல்லரும் வேட்கோவரும் அங்குத் திருமேனி செய்வித்தோராகக் காணப்படுகின்றனர். திருக்கோட்டாற்றுத் துறவியரின் பெயர்களும் அங்கு உள்ளன. அவ்வூர் வடசேரியை அடுத்த கோட்டாறே என்பர் அறிஞர் பலர். மன்னனின் ஆட்சி வழிக்கும் உடைமைக்கும் காவலாக நின்றது. பள்ளியை எழுப்பியதும் விளக்கெரித்ததும் இத்தகையோரின் கைகளே.

இன்று சிதறாலைக் காக்கும் பொறுப்பு மத்தியத் தொல்லியல் துறையுடையது. முன்னாளில் அக்கல்வெட்டுகளைப் பதிப்பித்ததும் திருவிதாங்கூர் அரசின் தொல்லியல் துறையே. அரசு தன் பங்கைச் செய்தே வருகிறது. ஆயினும், மலையேறி வருவோரிடம் குணந்தாங்கியாரின் பெயரைச் சொல்லி, அவர் யாரென்று விளக்க அங்கு நம்மவர் எவரும் இல்லை. அது துறை ஊழியரிடம் எதிர்பார்க்கத்தக்க பணியும் அன்று.

நம் குடும்பங்களின் தென்திசை யாத்திரை பெரும்பாலும் மதுரைக் குன்றுகளோடு நின்றுவிடுகிறது. இன்னும் ஒரு பகல் தெற்கே வரலாம். வடசேரியிலிருந்து மார்த்தாண்டத்துக்குப் பேருந்துகள் உண்டு. மலைமேல் செல்லக் கற்பாதையும் இருக்கிறது. கல்வெட்டுப் பாடத்தை எழுதிக்கொண்டு, படிக்கத் தெரிந்த இளையோர் ஒருவரையேனும் உடன் அழைத்து வருக.