பெயருக்கு விட்ட இடம்

ஒரே படத்தைப் பலருக்கும் பொதுவாக அச்சிட்டு, அவரவர் பெயரைப் பின்னர் சேர்க்கும் முறை, விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி வட்டாரத்தில் ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்தது. அதன் தொடக்கம் தீப்பெட்டி லேபிளில் இருக்கிறது. கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் சிவகாசியில் அதை நிறுவியபோது, எழுத்தறியாதவரும் அடையாளம் சொல்லிக் கேட்டு வாங்கும்படி அணில், காக்கை போன்ற உருவங்கள் பெட்டியின் முகப்பில் இடம்பெற்றன. இந்த லேபிள்களின் தேவையை ஒட்டியே, எண்ணெயும் நீரும் ஒட்டாத தன்மையைக் கொண்டு கல்லிலிருந்து படம் எடுக்கும் லித்தோ அச்சும், பின்னர் ரப்பர் உருளை வழியாக மையைத் தாளுக்கு மாற்றும் ஆப்செட் அச்சும் சிவகாசியில் வேரூன்றின.

அந்த அச்சகங்களே காலண்டர் தொழிலையும் வளர்த்தன. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் பல வண்ணங்களில் பெருந்தொகையாக அச்சாகி வீடுகளையும் கடைகளையும் அடைந்தன. படத்தின் கீழே வெற்றிடம் விடப்பட்டிருக்கும். ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியாகும் மாதிரி ஆல்பத்தைப் பார்த்துக் கடைக்காரர் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்த பிறகே, அவருடைய பெயரும் முகவரியும் அவ்விடத்தில் அச்சேறும். இதனால் வண்ண அச்சின் பெருஞ்செலவு பலரிடையே பகிரப்பட்டு, சிறு மளிகைக் கடையும் தன் பெயரில் காலண்டர் வழங்க முடிந்தது.

பொதுப் படத்தில் அவரவர் பெயரைச் சேர்க்கும் இதே முறை இன்று இணையத்திலும் தொடர்கிறது. 2010இல் பேஸ்புக் வெளியிட்ட ஓப்பன் கிராஃப் என்னும் நெறிமுறைக்குப் பின், பகிரப்படும் இணைய இணைப்போடு ஒரு முன்னோட்டப் படமும் தோன்றுவது வழக்கமானது. பக்கங்கள் அனைத்தும் முன்கூட்டியே ஆக்கி வைக்கப்படும் நிலைத்த இணையதளத்தில், தளத்தை உருவாக்கும் வேளையிலேயே ஒரு நிரல் ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பையும் தேதியையும் எடுத்து, பெரும்பாலும் 1200க்கு 630 படப்புள்ளி அளவுள்ள பொது வார்ப்பில் பொருத்தித் தனித்தனிப் படமாகச் சேமிக்கிறது. அப்படத்தின் முகவரி பக்கத்தின் தலைப்பகுதியில் குறிக்கப்படுகிறது. நூறு கட்டுரைகளுக்கு நூறு படங்களை எவரும் கையால் வரைய வேண்டியதில்லை.

ஆயினும் காலண்டரில் அச்சுக்கோப்பவர் கண்ணால் பார்த்துச் சரிசெய்ததை இங்கே நிரலே அறிந்திருக்க வேண்டும். 'கொ' என்னும் எழுத்தில் ககரத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும் உயிர்க்குறியின் ஒரு பகுதி முன்னாலும் மறுபகுதி பின்னாலும் நின்றாக வேண்டும். ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்புப் பொறி இல்லாத கருவி இதைச் சிதைத்துவிடும். நீண்ட தமிழ்ச் சொற்கள் வரிக்குள் அடங்கும்படி எழுத்தளவைக் குறைப்பதும், தமிழ் எழுத்துருவைச் சேர்த்து வைப்பதும் வார்ப்பை அமைப்பவரின் பொறுப்பு. படம் பொதுவாக இருக்கலாம், ஆனால் பெயர் ஒவ்வொருவருக்கும் உரியது என்பதால், அதைப் பிழையின்றி இடுவதில்தான் அன்றைய காலண்டருக்கும் இன்றைய முன்னோட்டப் படத்துக்கும் மதிப்பு அமைகிறது.