கார்த்திகை ஓலைக் கொழுக்கட்டை: மாவு இடிக்கணுமா, மிஷினில் அரைக்கலாமா?

திருக்கார்த்திகை வந்தாலே ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி பக்கம் பனை ஓலைக்குள் மாவை வைத்து அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டைதான். மெக்சிகோவில் மக்காச்சோள மட்டையில் மாவைப் பொதிந்து அவிக்கும் தமாலியும் இதே முறைதான்.

கையா, மிஷினா?
பச்சரிசியை 1 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்துங்க. லேசான ஈரம் இருக்கணும்.

- உரல்: மாவு சூடாகாது, ஈரமும் நிற்கும். ஆனால் இடிச்சு, சலிச்சு முடிக்க நேரமாகும்.
- மிக்ஸி: கொஞ்சமா செய்ய இதுவே போதும். கட்டாயம் சலிக்கணும்.
- மில்: முன்னால் மிளகாய் அரைச்சாங்களான்னு கேளுங்க. மாவை உடனே பரப்பி ஆறவிடுங்க. சூட்டோடு மூடினால் கட்டிபிடிக்கும்.

செய்முறை
மாவை லேசாக வறுங்க. 2 கப் மாவுக்கு 1 கப் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்க. தேங்காய்த் துருவல், வறுத்து அரைவேக்காடு வேகவைத்த பாசிப்பருப்பு, சுக்கு, ஏலக்காய் சேர்த்துப் பிசையுங்க. ஓலையில் வைத்து மூடி, ஓலை நாரால் கட்டி, 25 நிமிடம் ஆவியில் அவியுங்க. இந்தக் கட்டுற வேலை மட்டும் எப்பவும் கைதான்!

ஓலை எடுக்கும்போது கவனம்
பனைக்கு வளரும் நுனி ஒன்றுதான். அது சிதைந்தால் மரமே பட்டுப்போகும். அதனால், பனையேறத் தெரிந்தவரிடமே ஓலை வாங்குங்க.